தண்ணீர் கேட்காத சம்பந்திகள்

பட்ஜெட் என்ற சொல் அரசாங்கத்துக்கு உரியது. ஆண்டுக்கொரு முறை நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் வாசிப்பார். பெட்ரோல் ஏறுமா இறங்குமா என்று நாமும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்ப்போம். அத்தோடு அது நின்றிருக்க வேண்டும். இப்போது பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் இறங்கி நடந்தால் பட்ஜெட் ஹோட்டல், பட்ஜெட் சாப்பாடு, பட்ஜெட் முடிவெட்டு. என் மகள் வாணி செருப்பு வாங்கப் போனாலும், "என் பட்ஜெட்டுக்குள்ள இல்லப்பா" என்கிறாள், கடைக்காரர் காதில் விழும்படி. எங்கள் குடும்பத்தில் கையில் பணம் இல்லாவிட்டால், செருப்பின் நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வருவோம்.

ஆகவே வாணியின் கல்யாணத்தைப் பேச வந்த லோகேஸ்வரி, உட்காருவதற்கு முன்பே, "அங்கிள், பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்டபோது நான் நாற்காலியைத்தான் காட்டினேன். கிள்ளானில் கல்யாண ஏற்பாடுகள் செய்து கொடுக்கும் பெண் அவர். எதிரே மாப்பிள்ளை தனேஷும் அவன் தகப்பனார் நாகையாவும் இருந்தார்கள். நாகையா ஆறு லோரி வைத்திருப்பவர். செலவு ஆளுக்குப் பாதி என்று முன்பே பேசியாயிற்று. எதில் பாதி என்பதைத்தான் யாரும் பேசவில்லை.

"சம்மந்தி சொல்லட்டும்," என்றார் நாகையா.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நீங்க. நீங்க சொல்லுங்க."

"ஐயோ, பொண்ணு வீடு சொன்னா நான் மறுபேச்சு பேசுவேனா?"

"நீங்க சொன்னா நான் மட்டும் பேசுவேனா?"

இப்படி இருபது நிமிடம் போயிற்று. முதலில் தொகை சொல்பவர், பெற்ற பிள்ளை மீது தாம் வைத்த பிரியம் எத்தனையாவது ரிங்கிட்டில் நிற்கிறது என்று ஊருக்கு அறிவித்தவர் ஆகிறார். இது நாகையாவுக்கும் தெரியும்.

வாணி கைபேசியைப் பார்த்தாள். "ப்பா, ஆறு மணிக்குள்ள மண்டபத்துக்கு கன்பர்ம் பண்ணணும். இல்லன்னா இந்த வருஷம் வேற தேதி இல்ல. தனேஷ் ஜனவரியில வெளிநாட்டுக்கு, பெர்த்துக்கு வேலைக்குப் போறார். நாங்க ரெஜிஸ்டர் பண்ணிட்டுப் போயிடுவோம், அவ்ளோதான்."

எங்கள் வம்சத்தில் பெண்கள் தாலி ஏறித்தான் வீட்டைவிட்டுப் போயிருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனவள் ஒருத்தியும் இல்லை. அப்போது மணி நாலு.

லோகேஸ்வரி அசரவில்லை. "எனக்கு இது பழக்கம்தான் அங்கிள். பெரியவங்க யாரும் தொகை சொல்ல மாட்டாங்க. அதனால நான் சின்னதுலேர்ந்து பக்கம் பக்கமா லிஸ்ட் வாசிச்சுக்கிட்டே போவேன். இது போதும்னு தோணுனா ஒரு தம்ளர் தண்ணி கேளுங்க. அந்த இடத்துல பைலை மூடிடுவேன். யாரும் ஒண்ணும் சொன்ன மாதிரி இருக்காது."

கௌரவமான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. வாணி ஒரு ஜக்கில் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். என் பங்குக்கு என்னிடம் நாற்பதாயிரம் ரிங்கிட் இருந்தது. எந்த இடத்தில் எனக்குத் தாகம் எடுக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் நாகையாவுக்கு முன்னால் எடுக்கக் கூடாது.

"முந்நூறு பேர். வாழை இலை. ஒரு செட் மேளம்," என்று தொடங்கினார் லோகேஸ்வரி.

நாகையா மின்விசிறியைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஐந்நூறு பேர் ஆனது. எண்ணூறு பேர், மேடை முழுக்க ஓர்கிட் பூ. வெளியே புகைமூட்டம் என்பதால் சன்னல்களைச் சாத்தியிருந்தோம். நாகையா தாம் கொண்டுவந்த முறுக்கை என் பக்கம் தள்ளினார். சம்பந்தி தரும் பலகாரத்தை மறுக்க முடியுமா? தின்றேன். வறுத்த கடலையை அவர் பக்கம் தள்ளினேன். அவரும் தின்றார். ஐந்தாவது பக்கத்தில், என் மனக்கணக்கில், நாற்பதாயிரம் முடிந்தது. நான் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டேன்.

எட்டாவது பக்கம். "மாப்பிள்ளை கிள்ளான் ஆத்துல படகுல வர்றார்."

"எனக்குப் படகுன்னா வாந்தி வரும் அக்கா," என்றான் தனேஷ்.

"வந்தா வரட்டும், சும்மா இருடா," என்றார் நாகையா. அவர் உதடு வெடித்திருந்தது.

பதினோராம் பக்கம். "யானை ஊர்வலம். நிஜ யானை இல்ல, உள்ள ஆறு பேரு நடப்பாங்க."

"ஆறு பேருதானா?" என்றார் நாகையா.

"எட்டா வைங்கம்மா," என்றேன். முறுக்குத் தூள் தொண்டையில் ஒட்டியிருந்ததால் குரல் பாதிதான் வந்தது.

லோகேஸ்வரி கடைசித் தாளைத் திருப்பினார். "லிஸ்ட் முடிஞ்சிருச்சு அங்கிள். இதுவரைக்கும் யாரும் கடைசிப் பக்கம் வரைக்கும் வந்ததில்ல." சற்று யோசித்து, "ரெண்டாவது யானை?" என்றார்.

மணி ஐந்து நாற்பது. என் கண்ணில் நீர் முட்டியது. விக்கலும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

"சம்மந்திக்கு ஆனந்தக் கண்ணீர் லா," என்றார் நாகையா. அதைச் சொல்ல அவருக்கு மூன்று முறை நாக்கைச் சுழற்ற வேண்டியிருந்தது.

அப்போது வாணி எழுந்தாள். ஜக்கைத் தூக்கி, தம்ளர் இல்லாமல், எல்லார் முன்னாலும் மடக் மடக்கென்று குடித்தாள். தண்ணீர் முழுவதும் தீர்ந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு முதல் பக்கத்துலயே தாகம் வந்திருச்சு அக்கா. முந்நூறு பேர்னு சொன்னீங்களே, அப்பவே. பெரியவங்க பேசுறப்ப குறுக்கே வரக்கூடாதுன்னு அடக்கிக்கிட்டு இருந்தேன்."

"எனக்கும் அப்பவேதான்," என்றான் தனேஷ்.

லோகேஸ்வரி தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

லோகேஸ்வரி சொன்ன விதியை நான் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன். தண்ணீர் கேட்பவர் தகப்பனாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. "தாகத்தோட பொண்ண உக்கார வைக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல," என்றேன்.

"மருமகளத் தாகத்தோட விடுற குடும்பம் நாங்களும் இல்ல," என்றார் நாகையா, அவசரமாக.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மண்டபம் உறுதியானது. முந்நூறு பேர், வாழை இலை, ஒரு செட் மேளம். என் மகள் தாலி ஏறித்தான் போகிறாள்.

நான் எழுந்து போய் ஜக்கை நிரப்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தவருக்கு வீட்டுக்காரன் தன் கையால் ஊற்றிக் கொடுப்பதற்குப் பெயர் உபசாரம். அதை யாரும் கேட்டதாக ஆகாது. நாகையா நான்கு தம்ளர் குடித்தார். துணைக்கு நான் ஐந்து குடித்தேன்.