லோட்டேக்கு வைத்த பால்

1

இந்தக் கதை நான் தேடிப்போனதல்ல. 1994 நவம்பரில், அகதி வழக்குகளைப் பற்றிக் கட்டுரை எழுத ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துக்குப் போயிருந்தேன். ஈழத்திலிருந்து அகதியாக வந்த மங்கையற்கரசி அக்கா வீட்டு வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறடி நீளப் போவா பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

பாம்பின் பெயர் லோட்டே. மேல்மாடியில் தனியாக இருக்கும் ஜெர்மன்காரர் கிளோசே, முதுகுவலிக்காக ஆறு வார மருத்துவ ஓய்வுக்குப் போகும்போது விட்டுச்சென்றது.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'பாம்புக்கு அஞ்சாதவர் மங்கையற்கரசி.' பொய். முதல் வாரம் முழுவதும் கையில் கூட்டுகிற தும்புத்தடியோடுதான் அந்த அறைக்குள் போனாராம்.

'நாடிழந்த ஒரு பெண்ணும் நாடிழந்த ஒரு பாம்பும்…' (வெட்கமாக இருக்கிறது. லோட்டே பிறந்தது பக்கத்து நகரத்தில்.)

'ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பாம்புக்குப் பால் வைத்தார்.' இது நிற்கட்டும்.

3

தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி, அதில் பாலை ஊற்றியிருந்தார். அவருடைய கணவர் ஆனந்தராசா பார்த்துவிட்டார்.

"தண்ணி எங்கை?"

"நாகதம்பிரானுக்கு ஆரும் தண்ணி வைக்கிறவையே?"

"இது ஜெர்மன் பாம்பு, இஞ்சேர்."

"அப்ப பியர் வைக்கட்டோ?"

[ஆனந்தராசா மேல் எனக்குச் சந்தேகம். எல்லா இடத்திலும் சரியாகவே பேசுகிறார். அவரிடமே கேட்டேன். "பேசாமல் பேப்பர் பாத்துக்கொண்டிருந்தனான் தம்பி. ஆனா நீங்கள் எழுதினது நல்லாயிருக்கு, விடுங்கோ" என்றார்.]

பத்து நாள், நாளுக்கொரு புதுப் பால். லோட்டே வாய் வைக்கவில்லை. உடல் மங்கியது, கண்கள் நீலம் பாரித்தன. தோலுரிக்கும் காலம் அது. தண்ணீரில்லாததால் தோல் துண்டு துண்டாகக் கிழிந்தது. இடது கண்ணின் மேல் மட்டும் பழைய சவ்வு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கிளோசே திரும்ப இன்னும் மூன்று நாள்.

4

ஆனந்தராசா கிளோசேக்குத் தொலைபேசி எடுத்தார். சற்றுப் பேசிவிட்டு, வாய்ப்பகுதியைக் கையால் பொத்தினார்.

"தண்ணி வைச்சனீரோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

அவர் கையை எடுப்பதற்குள் அக்கா தொலைபேசியைப் பறித்துக்கொண்டார். "நைன்" என்றார். "மில்ஷ்." இல்லை, பால் என்று ஜெர்மனில். கிளோசே, அக்காவுக்கு விளங்கும்படி சின்னச் சின்னச் சொற்களில் சொன்னார்: இளஞ்சூட்டுத் தண்ணீர். உடம்பு துடைக்கும் துவாய், ஈரமாக. அதற்குள் லோட்டே தானாக நெளியட்டும். இழுக்கவே கூடாது, கண் போய்விடும்.

5

குளியலறைத் தரையில் அக்கா உட்கார்ந்தார். அன்றுதான் பாம்பை முதன்முதலாகக் கையால் தொட்டார். கனம் அவரைத் திகைக்கவைத்தது. லோட்டே அவருடைய முன்கையைச் சுற்றிக்கொண்டு, காப்புகளுக்கு மேல் தலையை வைத்தது.

"பொறு பிள்ளை. அக்கா பிழை விட்டிட்டன், கொஞ்சம் பொறு."

முடிவு ஒன்று: சவ்வு துவாயோடு கழன்று வருகிறது.

முடிவு இரண்டு: கிளோசே வந்து, பாம்பின் முகத்தைத் திருப்பி இடது கண்ணைப் பார்த்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு… (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

உண்மையில் நடந்ததை அக்கா எனக்குச் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. வாசகரே, துவாய் இப்போது உங்கள் கையில். சவ்வின் ஓரம் மயிரளவு கிளம்பியிருக்கிறது. பாம்பு மூச்சுவிடுவது உள்ளங்கையில் தெரிகிறது.

இழுக்காதீர்கள்.