ஒலிவ மலையில் ஒரு கந்தல் முடிச்சு

ஒலிவ மலை உச்சியில் கற்களைக் குவித்து, நடுவே வெள்ளைக் கொடிக் கம்பு ஒன்றை நட்டுவிட்டுப் போனார் அளவைக்காரத் துரை. ஜெரூசலேமின் படம் வரைய, பள்ளத்தாக்குக்கு அப்பால் நின்று கண்ணாடிக் குழாயில் அந்தக் கம்பைப் பார்ப்பாராம். நான் அதற்குக் காவல்.

மலையேறி வருபவர்களுக்கு எங்கள் புனிதத் தலமான பாறைக் குவிமாடம் முதலில் கண்ணில் படுவது அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் கல்மேல் கல் வைத்து ஓதிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். துரையின் குவியலை யாரோ மகானுடைய அடையாளம் என்று நினைத்து ஆளுக்கொரு கல் வைத்தார்கள். தொழுகிற கையைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. குவியல் இடுப்பளவு வளர்ந்தது. கம்பெல்லாம் கந்தல் முடிச்சு.

விதவை ஸரீஃபா, காய்ச்சலில் கிடந்த மகனின் சட்டைக் கையைக் கிழித்துக் கட்டினாள். கட்டிய முடிச்சை வேறொருவர் அறுத்தால் நோய் பிள்ளையிடமே திரும்பிவிடும்.

துரை வந்து பார்த்தார்.

"மூடர்களே! அளவுக் கம்புக்கும் ஆலயத்துக்கும் வேறுபாடு அறியாத கழுதைகளே!" புத்தகத்தில் படித்த அரபி. திட்டு மட்டும் சுத்தமாக வந்தது.

"கழுதைங்கதான தொர உன் பெட்டியெல்லாம் மேல சுமந்துச்சு?" என்றாள் ஸரீஃபா. "இல்லன்னா நீ கீழயே நின்னு அளந்திருப்ப."

"சும்மா இரு தங்கச்சி," என்றேன் நான்.

"நீ சும்மா இரு, அபூ நிம்ர். கம்புக்குக் காவல் நிக்கிற, பச்சப் புள்ளைக்கு நிக்க மாட்டியா?"



எல்லாவற்றையும் அறுத்தெறியும்படி சிப்பாய் வாட்கின்ஸிடம் சொல்லிவிட்டு, துரை தன் கருவியிடம் போய்ச் சேர்ந்தார். வாட்கின்ஸ் எங்கள் தண்ணீரை முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பான். அவனைக் கண்டாலே எனக்கு இளக்காரம்.

அவன் கத்தியை விரித்தான். ஸரீஃபா கம்பைக் கட்டிக்கொண்டாள். அவள் மறைத்த முடிச்சை அவன் குனிந்து பார்த்தான்: விரல் நீளச் சட்டைக் கை. கத்தியை மடக்கினான். கொடியை மட்டும் அவிழ்த்தான். கம்பை ஆட்டிப் பிடுங்கி, கந்தல்களோடு அவள் தோளில் வைத்தான். கூடாரக் கம்பு ஒன்றில் கொடியைக் கட்டி அதே குழியில் நட்டான்.

"ஒன்னப் பெத்தவள அல்லாஹ் நல்லா வெக்கட்டும்," என்றாள். அவனுக்குப் புரியவில்லை, தொப்பியைத் தொட்டான்.

அப்பாலிருந்து துரையின் சைகைக் கண்ணாடி 'சரி' என்று மின்னியது. புண்ணிய பூமியையே அளக்க வந்த மகாராசருக்குக் கம்பு மாறியது தெரியவில்லை.

நான் கடப்பாறையை எடுத்துக்கொண்டு, ஸரீஃபாவின் வாசலில் அந்தக் கந்தல் கம்புக்குக் குழி தோண்ட முன்னால் ஓடினேன்.