பைன் காட்டில் அள்ளிய மண்

சீமோன் ஒரு பகிடியைச் சுடச்சுடச் சொல்லிவிடும் ஆள் இல்லை. நல்ல பகிடிக்கு நல்ல கூட்டம் வேண்டும் என்பது அவன் கொள்கை. பிறந்தநாள் வீட்டுக்கோ திருநாள் விருந்துக்கோ என்று பொத்திப்பொத்தி வைத்திருப்பான். அந்தக் கூட்டத்தில் றொபேட்டும் இருந்தால் அவனுக்கு வேறொன்றும் வேண்டாம். இருவரும் மன்னார்க்காரர், கனடாவில் ஸ்காபரோவில் ஒரே கோயிலில் பாடகர் குழாமில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடியவர்கள். றொபேட் சிரித்தால் அவன் இருக்கும் கதிரையும் சேர்ந்து குலுங்கும்.

றொபேட்டுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. மருந்து ஏற்றும் கிழமைகளில் அவன் யாரையும் பார்ப்பதில்லை. அவனை ஒருமுறையாவது பழையபடி சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று சீமோன் ஆசைப்பட்டான். அந்த ஆசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வசந்தகால விடுமுறைக்குச் சீமோன் குடும்பத்தோடு துருக்கியின் தென்கரைக்குப் போனான். வீடு இருக்கும் பிக்கரிங்கில் பால் வாங்கக்கூடக் காரை எடுக்கிற குடும்பம். "குழந்தை குட்டியோடையும் நடக்கலாமாம், வடிவான காடாம், பழைய காலத்து நகரமெல்லாம் இடிஞ்சபடி கிடக்காம்" என்று அவன் சொன்னபோது மனைவி யூஜினி, "இடிஞ்சதைப் பாக்க ஏன் பிளேன் ஏறிப் போகோணும்?" என்றுதான் கேட்டாள்.

ஆனால் பாதை உண்மையிலேயே நல்ல பாதை. கற்களில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு வழி காட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பைன் மரங்கள். வெயில் ஏற ஏறப் பிசின் மணம். கீழே கடல் நீலமாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது. சின்னவன் மாக்கஸ் ஆடுகளுக்குப் பின்னால் ஓடினான். பாழடைந்த அரங்கு ஒன்றின் கற்படிகளில் ஏறி நின்று தன் பெயரைக் கத்தினான். பதினாலு வயது அனோஜா கைபேசியில் படம் எடுத்தபடி வந்தாள். சீமோன் வழியில் கண்ட ஒவ்வோர் அறிவிப்புப் பலகையையும் நின்று சத்தமாக வாசித்தான், ஏதோ தானே தோண்டி எடுத்தவன் மாதிரி.

யூஜினிக்குக் கால் நோவு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, நான் ஆறுதலாக வாறன் என்று பின்தங்கியவள், திடீரென்று சத்தம் வைத்துக் கூப்பிட்டாள். சரிந்து கிடந்த ஒரு கல்லின் முன்னால் அவள் முழங்காலில் நின்றாள். கல்லில் சிலுவை ஒன்று செதுக்கியிருந்தது.

"இஞ்சருங்கோ, இது கோயில். அந்தக் காலத்துக் கோயில்" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிள்ளைகளையும் முழங்காலில் விட்டுச் செபம் சொல்லவைத்தாள். பிறகு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த டப்பாவைத் துடைத்து, கல்லடி மண்ணை அள்ளினாள். மடுவுக்குப் போனால் மாதா கோயில் மண் எடுக்காமல் எந்த மன்னார்க்காரி திரும்பி வருவாள்? "றொபேட் அண்ணைக்கு" என்றாள்.

சீமோன் வழக்கம்போல அடுத்த பலகையை வாசிக்கப் போனான். அந்த இடம் உரோமர் காலத்துக் குளிப்பு மண்டபத்தோடு சேர்ந்த பொதுக் கழிப்பறை என்று அதில் எழுதியிருந்தது. சிலுவைக் கல் பிற்காலத்தில் வேறெங்கோ இருந்து வந்து விழுந்ததாம். அனோஜாவும் பக்கத்தில் நின்று வாசித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, அம்மாட்டச் சொல்லுவம்."

"பேசாமல் இரு. ரொறொன்ரோவுக்குப் போய்ச் சொல்லுவம். றொபேட் மாமா விழுந்து விழுந்து சிரிப்பார்."

கனடாவுக்குள் மண் கொண்டுவரக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை. டப்பா யூஜினியின் உடுப்புகளுக்குள் ஒளிந்துகொண்டு பிக்கரிங் வந்து சேர்ந்தது. அவள் அதைச் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் இட்டுக் கட்டினாள். செபக் கூட்டத்துப் பெண்களுக்கு ஒவ்வொன்று. றொபேட்டின் மனைவி றோசலினுக்கு மட்டும் பெரிதாக ஒன்று. சீமோன் பக்கத்தில் இருந்து பைகளின் வாயை ஒட்ட ரேப் வெட்டிக் கொடுத்தான். உள்ளுக்குள் சிரித்துச் சிரித்து வெட்டிக் கொடுத்தான்.

கூட்டம் கூடத்தான் சுணங்கிவிட்டது. இடையில் றொபேட்டுக்குக் கடுங்காய்ச்சல், வயிற்றோட்டம் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஏன் வந்தது என்று டொக்டர்மாருக்கே பிடிபடவில்லை. வீட்டுக்கு விட்டதும், ஞாயிறு பூசை முடிய எல்லோரும் டோர்செட் பார்க் பகுதியில் இருக்கும் றொபேட்டின் அப்பார்ட்மென்றுக்குப் போனார்கள். பாடகர் குழாமில் இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். றோசலினும் யூஜினியும் குசினியில். றொபேட் போர்வையைப் போர்த்துக்கொண்டு சோபாவில் இருந்தான். முகம் பாதியாகப் போயிருந்தது.

"என்னடா, ஒரு கதையும் இல்லையோ?" என்று அவனே கேட்டான்.

இதைவிட வேறென்ன வேண்டும்? சீமோன் எழும்பி நின்று தொடங்கினான். அனோஜா அவன் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, பிளீஸ், டோன்ட்." அவன் கையைத் தட்டிவிட்டான். யூஜினி நொண்டி நொண்டி வந்ததை நடந்து காட்டினான். முழங்காலில் நின்றதைக் காட்டினான். "கண்ணீர் வடிய வடிய அள்ளுறாள். நான் போய்ப் பலகையைப் பாக்கிறன். கோயிலுமில்லை குளமுமில்லை. கக்கூஸ்! ஊருக்கே பொதுக் கக்கூஸ்!"

றொபேட் சிரித்தான். போர்வை நழுவ, கதிரை இல்லாத குறைக்குச் சோபா குலுங்க, பழைய றொபேட்டாகவே சிரித்தான். எல்லோரும் அவன் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். சீமோனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு றொபேட்டின் சிரிப்பு நடுவழியில் நின்றது.

"அந்த மண்ணைத்தானேயடா நான் காலமையில குடிக்கிறனான்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. சரியா பிழையா என்று விசாரிக்கிறவன்போலக் கேட்டான்.

குசினி வாசலில் றோசலின் நின்றாள். கையில் அவனுக்கு ஆற்றிய கஞ்சி. அவளுக்குப் பின்னால் யூஜினி.

"நான் நினைச்சன்..." என்றான் சீமோன். "மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில வைச்சிருப்பியள் எண்டு நினைச்சன்."

"சீமோன் அண்ணை, நீங்கள் மன்னார் ஆள்" என்றாள் றோசலின். "மண்ணைத் தண்ணியில கரைச்சுக் குடுக்கிறது உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அம்மா அவனுக்கும் மடு மண்ணைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். பகிடி ருசியில் அது அவன் நினைவுக்கு வரவேயில்லை.

"எப்ப அறிஞ்சனீங்கள்?" என்று கேட்டாள் றோசலின்.

"அங்கையே."

யூஜினி அவனைப் பார்த்தாள். "நான் பை பையாக் கட்டேக்கை, நீங்கள்தானே ரேப் வெட்டித் தந்தனீங்கள்" என்றாள். அவ்வளவுதான். நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று சீமோனுக்கு இருந்தது. மகளின் பக்கம் திரும்ப வெட்கமாக இருந்தது.

றோசலின் கஞ்சியை மேசையில் வைத்தாள். "எனக்கு இங்கிலிஷில உதெல்லாம் விளங்கப்படுத்தத் தெரியாது. நாளைக்கு இவரைக் காட்டப் போறம், ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. இவ்வளவு நல்லாச் சொன்னனீங்கள்தானே, டொக்டரிட்டையும் வந்து சொல்லுங்கோ."

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சீமோன் போனான். யூஜினியும் கூட வந்தாள், ஆனால் அறைக்குள் வராமல் வெளியில் கதிரையிலேயே இருந்துவிட்டாள். உள்ளே றொபேட் பரிசோதனைக் கட்டிலில் சாய்ந்திருந்தான், பக்கத்தில் றோசலின். டொக்டர் இளம்பெண். சீமோன் சொல்லத் தொடங்கினான். எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த கதை என்பதால் நாக்கு தானாகவே பகிடியின் தாளத்தில் போனது. கழிப்பறை என்ற இடம் வந்ததும் குரலை உயர்த்தி ஒரு கணம் நிறுத்திவிட்டான், சிரிப்புக்கு இடம் விடுகிறவன் மாதிரி. டொக்டர் சிரிக்கவில்லை. கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

டொக்டர் யோசித்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னாள். இந்த மருந்து ஏற்றும் காலத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை. கழிப்பறை இருந்தது ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னர்; அதனால் ஒன்றுமில்லை. ஆனால் எந்த மண்ணையும் இவர் குடித்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், சோதித்துப் பார்க்கலாம்.

சீமோனுக்குப் போன மூச்சு வந்தது. றோசலினிடம் திரும்பி அவசரம் அவசரமாகச் சொன்னான்: "கக்கூஸ் எண்டதால ஒண்டுமில்லையாம். எந்த மண் எண்டாலும் குடுக்கக் கூடாதாம். கோயில் மண் எண்டாலும் இதே வருத்தம்தான் வந்திருக்குமாம்."

கடைசி வசனத்தை டொக்டர் சொல்லவில்லை. அது அவனாகச் சேர்த்தது.

றோசலின் கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்; ஒவ்வொரு காலையும் தம்ளரை நீட்டிய கை. "அப்ப நான்தான்" என்றாள். "நான்தான் என்ர கையால குடுத்திருக்கிறன்."

தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் சீமோனுக்கு உறைத்தது. நேற்றைய வெட்கத்தைவிட இது கேவலமாக இருந்தது. நேற்று யோசிக்காமல் செய்தான். இன்று தப்பிக்க ஓர் ஓட்டை தெரிந்ததும், அதற்குள் றோசலினைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

"இல்லை றோசலின், நான் அப்பிடிச் சொல்ல வரேல்லை..."

றொபேட் கட்டிலில் இருந்து கையை நீட்டி மனைவியின் கையைப் பிடித்தான். சீமோனைப் பார்த்தான். பாடகர் குழாமில் பாட்டைத் தவறவிட்டால் பார்ப்பானே, அந்தச் சிரிப்புப் பார்வை அதில் இல்லை.

"அவள் நம்பிக் குடுத்தவள்" என்றான். "நான் நம்பிக் குடிச்சனான். நீ ஒருத்தன்தான்ரா அறிஞ்சிருந்தனி."

சீமோன் கட்டிலுக்குக் கிட்ட ஓரடி வைத்தான்.

"கொஞ்சம் வெளியில போய் இரு" என்றான் றொபேட். "எங்களுக்கு டொக்டரோடை கதைக்கோணும். யூஜினியை வரச் சொல்லு, டொக்டர் சொல்லுறதை அவள் தமிழில சொல்லட்டும். அவள் சொல்லுறதை நாங்கள் நம்புவம்."