அய்யாத்துரை பெயருக்குக் கீழே ஒரு சுழி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இராயபுரத்தில் வியாபாரம் செய்துவந்த தெற்கத்திக் குடும்பங்கள் கூடி ஒரு வமிச வரலாற்றுச் சங்கம் நடத்திவந்தன. மாதத்தின் கடைசி ஞாயிறு, மாதாகோயில் பூசை முடிந்து கிறித்தவக் கிளையினரும் வந்து சேர்ந்தபின், சங்கத் தலைவர் ராமசுப்பு அண்ணாச்சியின் கருப்பட்டிக் கிடங்கில் கூட்டம் தொடங்கும். கழித்துவிட்ட கப்பற்பாய் ஒன்றைத் தரையில் விரித்து, மூட்டைகளுக்குக் குறி போடும் தூரிகையால் குடும்பக் கிளைகளை அதில் எழுதுவார்கள். எழுத்துப்பிழை பார்ப்பதற்கு, பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த என்னை அழைத்தார்கள். பிழைகளைத் திருத்தினேன். திருத்த முடியாத ஒன்றைப் பற்றியதே இக்கதை.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

‘செல்லக்கனி கண்ணீர் மல்கக் கிடங்கினுள் நுழைந்தாள்.’ பொய். அவள் அழவில்லை. அடித்துவிட்டேன்.

‘யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து நடந்து வந்த எண்ணற்றோருள்…’ எண்ணற்றோர் என்று எழுதுகிறவன் ஒருவரையும் பார்த்திருக்கமாட்டான். இதையும் அடித்தேன்.

‘செல்லக்கனியின் விரல்நுனிகளில் தீப்பெட்டி ஒட்டும் பசை காய்ந்து, தோல் போல உரிந்துகொண்டிருந்தது.’ இது இருக்கட்டும்.

2

காலடிப்பேட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்து, தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டிக் கொடுப்பவள் செல்லக்கனி. அவள் கணவன் அய்யாத்துரை ரங்கூனில் கடைச் சிப்பந்தியாக இருந்தவன். நகரத்தில் குண்டு விழுந்ததும் இருவரும் நடந்தே புறப்பட்டார்கள். மலைப்பாதையில், அச்சு முறிந்து கிடந்த ஒரு மாட்டு வண்டிக்கு அடியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேறு பார்த்தவள் யாரோ. அவள் பேசிய மொழி செல்லக்கனிக்குத் தெரியாது. சில நாளில் வாந்திபேதி அய்யாத்துரையைக் கொண்டுபோயிற்று. அதன்பின் குழந்தையை

(வாக்கியத்தை முடிக்காத மாணவர்களைப் பெஞ்சின்மேல் நிறுத்தியவன் நான். இதை இப்படியே விடுகிறேன்.)

ரங்கூன் கடையில் உடன் வேலை செய்த இருவர் சாட்சி சொன்னதால் அய்யாத்துரையின் பெயர் பாயில் ஏறிவிட்டது. அதன் கீழே ஒரு சுழி. பிள்ளையில்லாமல் அற்றுப்போன கிளைக்குச் சங்கம் இடும் குறி அது. அந்தச் சுழியை அழித்துவிட்டு ‘ஆவுடையம்மாள்’ என்று குழந்தையின் பெயரை எழுதவேண்டும். செல்லக்கனி கேட்டது அவ்வளவே.

சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது. பெரிய கடைக்காரர்களோடு ஒட்டிக்கொள்வதற்காக ஆளாளுக்கு இல்லாத சித்தப்பனையெல்லாம் அழைத்துவந்தமையால் ஏற்பட்ட விதி. ஒருவர் பெயர் ஏறவேண்டுமானால், அவரை நேரில் கண்ட இருவர் தனித்தனியே ராமசுப்புவின் காதில் ஓர் அங்க அடையாளம் சொல்லவேண்டும், இரண்டும் ஒத்துப்போகவேண்டும். அடையாளம் வெளியே கசிந்துவிட்டால் அதன்பிறகு வரும் சாட்சி எதுவும் செல்லாது. செல்லக்கனியைக் கர்ப்பிணியாகக் கண்டவர்கள் உண்டு. அவளைத் தவிரக் குழந்தையைக் கண்டவர் எவரும் கிடைக்கவில்லை. வயிற்றைக் கண்ட சாட்சியைச் சங்கம் ஏற்கவில்லை.

(பாயின் உச்சியில் பெரிய எழுத்தில் வீற்றிருக்கும் மூலபுருஷரை எவருமே கண்டதில்லை. அவருக்கு என்ன அடையாளம் என்று கேட்டேன். “அது வேற, சார்வாள்” என்றார்கள்.)

அவள் வந்த முதற் கூட்டத்திலேயே, முதல் சாட்சியாகத் தானே ராமசுப்புவின் காதில் அடையாளத்தைச் சொல்லிவிட்டாள். அன்றுமுதல் இரண்டாவது சாட்சிக்காகக் காத்திருந்தாள். விளைவைக் கவனியுங்கள். தான் பெற்ற பிள்ளை எப்படி இருந்தது என்று அவள் எவரிடமும் வாய்திறக்கக் கூடாது. பக்கத்து அறைச் சீனியம்மாள், “மூக்கு ஒன்னய மாதிரியாட்டி, அவர மாதிரியா?” என்று ஆசையாகக் கேட்பாள். செல்லக்கனி பசைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, “மறந்துட்டு, மயினி” என்பாள். மறக்கவில்லை. பெட்டி ஒட்டும்போது அவளுடைய உதடுகள் அசையும். ஒலி வராது.

3

“இந்த மாசமும் ஆள் கெடைக்கலயாம்மா?” என்று ராமசுப்பு கேட்டார்.

“கெடைக்கும் அண்ணாச்சி. ரங்கூன்லேர்ந்து இன்னும் ஆளுக வந்துக்கிட்டுதான இருக்காவ.”

“செத்த பிள்ளைய எழுதி என்னத்துக்கு? எலெக்‌ஷன்ல வந்து ஓட்டா போடப்போவுது?” என்றார் அரிசி மண்டி ஞானதுரை. நாலு பேர் சிரித்தார்கள்.

“உச்சியில இருக்காரே மூலவரு, அவரு மட்டும் வந்து போட்டுருவாராக்கும்” என்றாள் செல்லக்கனி. அதற்கும் சிரித்தார்கள். ஞானதுரை சிரிக்கவில்லை.

ராமசுப்பு தூரிகையைத் துடைத்தார். “நான் என்ன செய்ய? எங்கய்யாவுக்கு ரெண்டாந்தாரத்து மவன், என் கூடப்பொறந்தவன் மாதிரி. அவனயே சாட்சியில்லாம வெளிய நிறுத்தி வச்சிருக்கேன். அடுத்த மாசம் பாய்க்கு வார்னிஷ் அடிச்சு ஊருக்கு அனுப்புதோம். அதுக்கப்புறம் ஒரு எழுத்து ஏறாது. பாத்துக்கோ.”

4

இந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. எழுதுகிறவனுக்கு இருக்கும் அதிகாரத்தால் யாருக்கேனும் ஒரு பயன் விளையவேண்டாமா? ஆகவே யேசுதாசை உண்டாக்கினேன். நடந்த நிகழ்ச்சியில் இப்படியொருவன் இல்லை. இராயபுரத்திலேயே பிறந்தவன், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவன், அதே மலைப்பாதையில் நடந்து திரும்பியவன். தலையில் தீப்பெட்டிக் கட்டோடு செல்லக்கனி வரும் வழியில், ரயில்வே கேட் அருகே அவனை நிறுத்தினேன்.

“யக்கா, சாட்சிக்கு ஆள் தேடிகினு கீறியாமே. நா வரேன்.”

“நீ பாத்தியா?”

“அந்த ரோட்ல நானுந்தான்க்கா வந்தேன்.”

“முறிஞ்ச வண்டிக்கடியில பிள்ள பெத்தவளப் பாத்தியான்னு கேக்கேன்.”

யேசுதாஸ் தலையைச் சொறிந்தான். “எத்தினியோ வண்டி, எத்தினியோ கொயந்த. அல்லாம் ஒரே மாரிதான்க்கா இருந்துச்சு. எதுனா ஒண்ணு சொல்லு, அத்தயே அவரு காதுல ஊதிட்டு வந்துர்றேன். இன்னா இப்போ, தல பூடுமா?”

அவள் கட்டை இறக்கவில்லை.

“எம் பிள்ள ஒரே மாதிரி இல்ல, தம்பி” என்றாள். கேட் திறந்ததும் போய்விட்டாள்.

‘கண்டேன்’ என்று அவனைச் சொல்லவைக்க எனக்கு ஒரு சொல் போதும். ஆனால் எந்த அடையாளத்தை அவன் சொல்வான்? அதை நான் அறியேன். ஏன் அறியேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எழுதுகிறவன் அறியாததை அவனால் படைக்கப்பட்டவன் காண இயலாது. யேசுதாசை ரயில்வே கேட்டிலேயே விட்டுவிட்டேன். அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

5

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

பேறு பார்த்த அந்தப் பெண்ணே ஒருநாள் புளியந்தோப்பில் பாத்திரம் விற்றுக்கொண்டு வருகிறாள்; செல்லக்கனியின் முகத்தை உற்றுப் பார்த்து… வேண்டாம். இப்படியெல்லாம் எழுதக் கூசாதவர்கள் எழுதட்டும்.

ராமசுப்பு மனமிரங்கிச் சுழியை அழிக்கிறார். அப்படியானால் பாயில் ஏறுவது அவருடைய இரக்கமே அன்றி ஆவுடையம்மாள் அல்லள்.

உண்மையான சாட்சி ஒருவர் வருகிறார். ராமசுப்புவின் காதில் சொல்கிறார். ராமசுப்பு தூரிகையை எடுத்து, மறுபடி கீழே வைக்கிறார். செல்லக்கனி ஆண்டுகளுக்கு முன் சொன்னதை அவர் மறந்துபோயிருக்கிறார். இதை எழுதிய பிறகு பல நாள் நான் பேனாவைத் தொடவில்லை.

6

இனி நடந்தது. கடைசிக் கூட்டத்தில் வார்னிஷ் டின்னைத் திறந்துவைத்திருந்தார்கள். கருப்பட்டி வாசனையை அது விழுங்கிவிட்டது. ராமசுப்பு கிளை கிளையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“அய்யாத்துரை கிளை. ரெண்டாவது சாட்சி உண்டுமா?”

துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி கடந்தது. அது போகும்வரை பொறுத்திருந்து மறுபடியும் கேட்டார். செல்லக்கனி எழுந்தாள்.

“சாட்சி இல்ல, அண்ணாச்சி. இனி வரவும் மாட்டாவ. நானே சொல்லுதேன். எல்லாரும் கேளுங்க.”

ராமசுப்பு பதறிக் கையை உயர்த்தினார். “சொல்லாதம்மா. சபையில சொல்லிட்டா, அப்புறம் கண்டவனே வந்து நின்னாலும் செல்லாது.”

“தெரியும். நான் செத்துட்டா அதுவும் எங்கூடவே போயிரும்லா” என்றாள். ஞானதுரை தலைகுனிந்துகொண்டார். அவள் தொண்டையைச் செருமினாள். “எம் பிள்ளைக்கு…”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். யாரேனும் ஒருவராவது அதைக் கேளாதிருக்கவேண்டும் என்று தோன்றியது. அதனால் பயன் ஒன்றுமில்லை. நான் குழந்தையைக் கண்டவனும் அல்லேன். வெளியே இன்னொரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அவள் சொல்லி முடித்தாளா என்று தெரியாது. பின்னர் நான் எவரையும் கேட்கவுமில்லை. அன்றே வார்னிஷ் அடித்தார்கள். சுழி பளபளத்தது.

குழந்தையை வருணிக்காமலே இக்கதையை எழுதியமைக்குக் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். நீங்கள் இன்னும் எதையும் கேட்கவில்லை. உங்களுள் எவரேனும் அந்தப் பாதையில் நடந்து வந்தவராக இருக்கலாம். முறிந்த வண்டி ஒன்றின் அடியில் குனிந்து பார்த்தவராக இருக்கலாம். அப்படியாயின் என்னிடம் சொல்லவேண்டாம். காலடிப்பேட்டைக்குப் போய் அவளிடம் சொல்லுங்கள். சங்கத்தில் அது செல்லாது. கண்டிராதவர்கள் தயைகூர்ந்து கீழுள்ள வாக்கியத்தை முடிக்காதிருக்க வேண்டுகிறேன்.

எம் பிள்ளைக்கு