இன்னாசித்தம்பி விரித்த பாய்

செவ்வாய்க்கிழமைப் பூசை முடிந்து கோப்பி குடிக்க உட்கார்ந்த நேரத்தில் வழக்குக் கொண்டு வருகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. அன்று வந்தவர் கோயில் மூப்பர் இன்னாசித்தம்பி. யாரோ ஒரு சைவக்காரன் எங்கள் கிணற்றில் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு நிற்கிறானாம். அந்தோனியார் கோயிலைச் சுற்றி வெறும் மேலோடு நிலத்தில் உருளப் போகிறானாம். பிரதட்டையாம்! நல்ல கூத்து என்று எழுந்து போனேன்.

வந்தவன் பெயர் மார்க்கண்டு, கொடிகாமத்துத் தோட்டக்காரன். பக்கத்தில் அவன் மகள் ஞானாம்பிகை, எலும்பும் தோலுமாய், அவனுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். போன மாதம் நெருப்புக்காய்ச்சல் கண்டு பட்டினத்து ஆசுபத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாளாம். பக்கத்துக் கட்டிலில் பிள்ளையை வைத்திருந்த ஒரு பெண், ஆசுபத்திரியை விட்டுப் போகும்போது அந்தோனியார் பதக்கமொன்றை அவள் கழுத்தில் கட்டி, இந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள் என்றாளாம். தெரிந்த நேர்த்தியை அவன் நேர்ந்துவிட்டான். அதைச் செய்யாவிட்டால் காய்ச்சல் திரும்பிப் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு மெழுகுதிரி கொளுத்தினால் போதுமே என்றேன்.

“மெழுகுதிரி எண்டு நான் நேரேல்லைச் சுவாமி. என்ரை உடம்பெண்டெல்லோ நேர்ந்தனான்.”

மூப்பர் குறுக்கே விழுந்தார். வேதத்துக்கு அடாத வேலை, எங்கள் ஆயரான மேற்றிராணியார் அறிந்தால் என்ன ஆகும் என்று குதித்தார். சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் கண் பிள்ளையின் கழுத்தை விட்டு விலகவில்லை. நானும் பார்த்தேன். கறுப்புக் கயிற்றில் விளிம்பு நெளிந்த பதக்கம். நான் மந்திரித்துக் கொடுத்த பதக்கம் அது. மூப்பருடைய ஒரே மகன், செபமாலை என்ற பெடியன், கழுத்தில் கட்டியிருந்தது. போன மாதம் அதே காய்ச்சலில் செத்துப்போன அவனை நான்தான் சேமக்காலையில் அடக்கம் செய்தேன். அப்படியானால் பக்கத்துக் கட்டில்காரி மூப்பரின் மனைவி யசிந்தா.

இரண்டு பிள்ளைகளில் அந்தோனியார் ஏன் ஒன்றை மட்டும் எழுப்பினார் என்று மூப்பர் என்னைக் கேட்கவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் தன் மகனின் கண்ணை மூடிய கையாலேயே யசிந்தா அதைக் கழற்றி, முன்பின் தெரியாதவனின் பிள்ளைக்குக் கட்டியிருக்கிறாள். அதைவிடப் பெரிய பிரசங்கம் நான் ஒருநாளும் வைத்ததில்லை. இந்த நேர்த்தியைத் தடுக்க நான் யார்?

உருளட்டும், மேற்றிராணியாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். மூப்பர் விறுவிறென்று கடற்கரைப் பக்கம் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

மார்க்கண்டு கைகூப்பிப் படுத்து, “அந்தோனியாருக்கு அரோகரா” என்று உரக்கச் சொல்லி உருளத் தொடங்கினான். வேறு நாளென்றால் எனக்குச் சிரிப்பில் புரைக்கேறியிருக்கும். எங்கள் கோயில் வளவு முழுக்கச் சிப்பி ஓடும் கூரான முருகைக்கல்லும். முதல் மூலை திரும்பும் முன்னமே அவன் முதுகு கிழிந்து இரத்தம் கசிந்தது. மகள் விம்மத் தொடங்கினாள். நிறுத்தடா என்றேன், அவன் கேட்கவில்லை.

அப்போது மூப்பர் தன் வள்ளத்துப் பாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மார்க்கண்டுக்கு முன்னால் அதை உதறி விரித்தார். அவன் உருண்டு கடந்ததும் இழுத்து மறுபடி முன்னால் விரித்தார். கோயிலை முழுதும் சுற்றி முடியும்வரை அப்படியே செய்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

நேர்த்தி முடிந்து மார்க்கண்டு எழுந்தான். மூப்பரை அவனுக்கு யாரென்று தெரியாது. பதக்கத்தை உரியவளிடம் சேர்த்துவிடச் சொல்லி, மகளின் கழுத்திலிருந்து கழற்றி அவரிடமே நீட்டினான். மூப்பர் அதை வாங்கி, நெளிந்த விளிம்பைப் பெருவிரலால் தடவினார். பிறகு முழந்தாளிட்டு, பிள்ளையின் கழுத்தில் மறுபடியும் கட்டினார்.

“கிடக்கட்டும் பிள்ளை. எங்கடை பெடியன் கட்டினது. நீ கிழவியாகுமட்டும் கட்டியிரு” என்றார்.