நாலில் நின்ற முள்

சந்தனசாமியின் சிவப்பு வண்டியைக் காரைக்காலில் தெரியாத ஆள் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த ரெண்டு சீட்டுப் பிரெஞ்சுப் பந்தயக் கார். அவரைவிட அதற்குத்தான் ஊரில் மரியாதை. அதன் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் வேலை, எழுபத்தெட்டு வைகாசியில் மெக்கானிக் மருதையனிடம் வந்தது. லாரியும் டிராக்டரும் பார்த்த கை. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தால்தானே!

கட்டி முடித்து ஸ்டார்ட் செய்தான். சத்தம் சுகமாய்த்தான் இருந்தது. ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்தான். முள் நாலில் நின்றது. சூடேறியபின், வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்று! லாரியென்றால் ஓட்டத்தில் ஐம்பது பவுண்டு காட்டவேண்டும். நாலு பவுண்டில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு எண்ணெய் எப்படிப் போய்ச் சேரும்? நடுரோட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிடுமே.

"முன்னாடி எவ்வளவுங்க காட்டுச்சு?"

"நான் ரோட்டப் பாத்து ஓட்டுறவன்யா, முள்ளப் பாத்து இல்ல" என்றார் சந்தனசாமி. "திங்கக்கெழம பெர்னதெத்துக்குக் கல்யாணம். எம் பொண்ணு இதுலதான் மாதா கோயிலுக்குப் போவணும். முடியும்ல?"

"முடியுங்க."

சொன்ன வாயை என்ன செய்வது! எண்ணெய் நிற்கும் அடித்தொட்டியை ரெண்டு முறை கழற்றிப் பார்த்தான். பம்பில் குறையில்லை, புதிதாய்ப் போட்ட பேரிங்கிலும் குறையில்லை. கடைசியில் ஒரு திருட்டு வேலை செய்தான். பிரஷர் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் சின்ன வால்வு ஒன்று உண்டு. அதன் ஸ்பிரிங்குக்கு ரெண்டு வாஷர் கொடுத்து இறுக்கிவிட்டான். குளிர்ந்த எஞ்சினில் முள் ஏழுக்குப் பாய்ந்தது. சூடேறியதும் பழைய குருடி கதைதான், ஒன்று. ஃபில்டர் ஓரத்தில் எண்ணெய் வேறு கசிந்தது. வாஷரைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை திருமலைராயன்பட்டினத்து ஐஸ் ஃபேக்டரியில் மோட்டார் பெல்ட் அறுந்துவிட்டதென்று முதலாளி காஜா மைதீன் ஆள் அனுப்பினார். போன இடத்தில், மிஷின் மேலிருந்த மீட்டரில் ரெண்டு வரிசை எண்கள்.

"இதென்ன பாய், ரெண்டு கணக்கு?"

"வெளிய பவுண்டு, உள்ள கிலோ. இது எடக் கணக்கில்ல, பிரஷர் கணக்கு; ஒரு கிலோவுக்குப் பதினாலு பவுண்டு. பிரெஞ்சுக்காரன் மிஷினாச்சே, அவன் கிலோவுலதானப்பா அளப்பான்?"

மருதையனுக்கு உறைத்தது, சிவப்பு வண்டியும் பிரெஞ்சுக்காரன் செய்ததுதான். நாலு கிலோ என்றால் ஐம்பத்தாறு பவுண்டு. அப்போ ஏழு? தொண்ணூற்றெட்டு! ஃபில்டர் கசிந்தது அதனால்தான்.

"அடப்பாவி!" என்றான். திட்டியது தன்னைத்தான்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, முதல் வேலையாக வாஷர்களைப் பிடுங்கி எறிந்தான். பிறகு, கழற்றிப்போட்ட பழைய பேரிங் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பினான். பதினெட்டு வருஷம் ஓடியது. ஸ்டார்ட் செய்யும்போது உரசியதில் ஓரம்தான் தேய்ந்திருந்தது, நடுவில் ஃபேக்டரியில் கடைந்த கோடுகள் அழியவே இல்லை. நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றும் தண்டு, ஓடும்போது இதைத் தொட்டதே இல்லை! ரெண்டுக்கும் நடுவில் தலைமயிரைவிட மெல்லிசாய் எண்ணெய். திருவேட்டக்குடித் தோணி தண்ணீரில் மிதப்பதுபோல அத்தனை இரும்பும் அதன்மேல் மிதந்திருக்கிறது. இருபது வருஷம் எஞ்சின் பார்த்தவனுக்கு அன்றைக்குத்தான் உடம்பெல்லாம் புல்லரித்தது.

சாயங்காலமே சந்தனசாமியிடம் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். திட்டு விழும், வேலையும் போகும் என்று மருதையன் தலையைக் குனிந்தான். அவர் சாவியை எடுத்து நீட்டினார்.

"நீயே ஓட்டு. எம் பொண்ணு போறப்ப, முள்ளப் பாக்கத் தெரிஞ்சவன்தான் ஓட்டணும்."

திங்கட்கிழமை பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. சூடேறி, முள் ஒன்றுக்கு இறங்கியது. முக்காட்டை விலக்கிக்கொண்டு பெர்னதெத் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, எறங்குதே! நின்னுடுமா?"

"நிக்காதும்மா. உள்ள இரும்ப இரும்பு தொடாமச் சுத்துது. மெதுவாப் போறப்ப அதுக்கு இது போதும்."

கோயில் வாசலில் அவள் இறங்கினாள், சந்தனசாமி வந்து கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார். பூசை மணி அடித்தது. மருதையன் எஞ்சினை இன்னும் அணைக்கவில்லை. ஒன்றில் நிற்கும் முள்ளைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலேயே கைகூப்பினான்.