மேல்கோடு மூளை, கீழ்க்கோடு இதயம்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. கொன் கேன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் உணவுக்கூடத்தில், நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்க, இதய டாக்டர் அனுச்சித் எனக்குச் சொன்னது. "எழுதுறதா இருந்தா என்னைப் பத்தி எழுதாதீங்க. அந்தம்மாவைப் பத்தி எழுதுங்க" என்றார். அந்தம்மா என்றால் மூளை டாக்டர் பிம்ஜை. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் இதய, மூளை நோய்களுக்கான ஆய்வு மையம் இருக்கிறது. ஒரே நடைகூடம்; இந்தப் பக்கம் இதயம், அந்தப் பக்கம் மூளை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை வலுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் பிம்ஜை ஜன்னலோரம் நின்று, தன் வாழ்நாள் ஆய்வை எண்ணி

(நிறுத்திவிட்டேன். அன்று மழையே இல்லை. நல்ல வெயில். பிம்ஜையும் ஜன்னலோரம் நிற்கிற ஆள் இல்லை.)

2.

தோங்சுக் ஊருக்குள் வாடகை வண்டி ஓட்டியவன். தூக்கத்தில் வலிப்பு வரும். ஆறு வருஷமாக பிம்ஜையிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் நிற்கவில்லை. வண்டி ஓட்டும் உரிமமும் போய்விட்டது. பிம்ஜை நடத்திய பெரிய வலிப்பு ஆய்வில் அவனும் ஒருவன். மற்றவர்களுக்குக் கேட்கிற மருந்து இவனுக்கு ஏன் கேட்கவில்லை என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நடைகூடத்தைக் கடந்துபோய் அனுச்சித்தின் கதவைத் தட்டினாள்.

"உங்க மெஷினையும் என் மெஷினையும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல மாட்டிப் பார்ப்போமா?"

"என்ன, மூளையில ஒண்ணும் கிடைக்கலையா?"

"கிடைச்சிருந்தா உங்க வாசல்ல ஏன் வந்து நிக்கறேன்?"

தோங்சுக் வந்தபோது பத்து விரலிலும் சிவப்பு நகப்பூச்சு. அவன் சித்தப்பா தூக்கத்திலேயே போனவர். தூங்குகிற ஆண்களைத் தேடி வருகிற விதவைப் பேய், பெண் என்று நினைத்துத் திரும்பிப் போகட்டும் என்று அவன் மனைவி புவாலைதான் பூசிவிட்டிருந்தாள். விரலில் மாட்டும் கருவிக்குச் சாயம் ஆகாது.

"அழிச்சா நான் ஆம்பளைன்னு அதுக்குத் தெரிஞ்சுடும், டாக்டரம்மா."

"ஒரு விரல் போதும்ப்பா. மத்த ஒம்பதும் பொம்பளையாவே இருக்கட்டும்."

புவாலைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

3.

(இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு நல்லவர்களா டாக்டர்கள்? அனுச்சித்திடம் கேட்டேன். "நல்லவங்கன்னு யார் சொன்னா? லிஃப்ட்டுல காலை வணக்கம் சொன்னாக்கூட பதில் வராது. பிடிவாதக்காரி" என்றார். நிம்மதியாக இருந்தது. தொடர்ந்தேன்.)

மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, உடம்பெல்லாம் ஒயரோடு தோங்சுக் கண்ணயர்ந்தான். திரையில் மேல்கோடு மூளை, கீழ்க்கோடு இதயம். பிம்ஜையின் கண் பழக்கதோஷத்தில் மேல்கோட்டிலேயே இருந்தது. அது அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்க்கோடு முறுக்கிக்கொண்டு துள்ளியது. அதற்கப்புறம்தான் மேல்கோடு குலைந்தது. அதற்கப்புறம்தான் உடம்பு வெட்டியது.

இதயம் ரத்தத்தை அனுப்பாமல் துடித்தது. ரத்தம் இல்லாமல் மூளை தவித்தது. அந்தத் தவிப்பைத்தான் ஆறு வருஷமாக வலிப்பு என்று எழுதிவந்திருக்கிறாள்.

அனுச்சித் மின்னதிர்ச்சி கொடுத்தார். தோங்சுக் கண்ணைத் திறந்து, "பேய் வந்துச்சா?" என்றான்.

"வந்துச்சு. அடிச்சுத் துரத்திட்டோம்" என்றார் அனுச்சித்.

பிம்ஜை அவன் காலைப் பிடித்தபடி நின்றாள்.

4.

சாதாரணக் கதை இங்கே முடிந்திருக்கும். தோங்சுக்கின் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள், அவன் பிழைத்துக்கொண்டான், சுபம். நானும் அப்படி எழுதி வைத்திருந்தேன்.

ஆனால் அடுத்த வாரம் மையத்தின் கூட்டத்தில், இளம் டாக்டர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, பிம்ஜை எழுந்தாள்.

"நோய் நெஞ்சுல இருந்துச்சு. நான் தலையில தேடினேன். தோங்சுக் ஒருத்தன்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? என் ஆய்வுல இருக்கிற அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிடறேன். எல்லாருக்கும் நெஞ்சைப் பார்க்கணும்."

கூட்டம் கலைந்தபின் அனுச்சித் மெதுவாகச் சொன்னார்: "ஆய்வு மொத்தமும் போயிடும், அக்கா."

"போகட்டும்."

"உங்க பேரும்."

"என் பேரை அரைச்சுக் குடிச்சா யாருக்காவது வலிப்பு நிக்குமா?"

உதவியாளர்களை அழைக்கச் சொல்லலாம். சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் தானே தொலைபேசியில் கூப்பிட்டாள், தானே தப்பைச் சொன்னாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எப்ப வர்றீங்க?" என்றாள். வந்தவர்களில் இன்னும் இரண்டு பேருக்கு இதயத்தில்தான் கோளாறு என்று தெரிந்தது. இருவரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

5.

(இந்தப் பகுதியை எழுதாமல் விட்டிருந்தேன். கையெழுத்துப்படியைப் படித்த பிம்ஜை, "கம்முன் எங்கே?" என்று கேட்டு எழுத வைத்தாள்.)

கம்முனின் கணவனும் பிம்ஜையின் ஆய்வில் இருந்தவன். தூக்கத்தில் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வலிப்பில் போனதாகத்தான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிம்ஜை தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். அது வலிப்பாக இல்லாமலிருந்திருக்கலாம்; தான் பார்க்கத் தவறியிருக்கலாம்; இது ரத்தத்தில் பிள்ளைகளுக்கும் வரக்கூடியது.



"உங்களை வாய்க்கு வந்தபடி திட்டணும் போல இருக்கு, டாக்டரம்மா" என்றாள் கம்முன். "திட்டி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும். பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன்."

6.

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் மகள் பிகுனுக்கு ஒன்றுமில்லை. இன்னொன்றில் இருக்கிறது, ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் பிம்ஜையைக் கம்முன் மன்னிப்பது போல ஒரு வாக்கியம் எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எழுத எனக்கு உரிமை கிடையாது.

ஆகையால், அனுச்சித் தன் அறை வாசலிலிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பிகுன் பரிசோதனை அறைக்குள் போய்விட்டாள். கதவு சாத்தியிருக்கிறது. வெளியே ஒரே பெஞ்சில் இந்த முனையில் கம்முன், அந்த முனையில் பிம்ஜை. எழுந்து போக பிம்ஜைக்கு நூறு வேலை இருக்கிறது, போகவில்லை. கம்முன் பையைத் திறந்து, வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோற்றை எடுக்கிறாள். பாதியைப் பிய்க்கிறாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே, கையை மட்டும் டாக்டர் பக்கம் நீட்டுகிறாள்.

பிம்ஜை வாங்கிக்கொள்கிறாள்.

கதவு திறக்கும்போது நீங்கள் அங்கே இருங்கள். நான் இந்தப் பக்கமே நின்றுகொள்கிறேன்.